கேமரா போடும் கணக்கு

சில வருஷங்களுக்கு முன்பு புணேயில் இருக்கும் ஓர் அம்மையார், வெள்ளையும் கறுப்புமாகப் பொடிக்கட்டம் போட்ட பருத்திச் சேலை வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். சரக்கு வந்ததும் கடையிலேயே மேசைமேல் விரித்து, கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிவைத்தேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. "என்ன சார், கறுப்பு வெள்ளைன்னு சொன்னீங்க, இதுல ஆரஞ்சும் நீலமுமா பட்டை பட்டையா ஓடுதே, சாயம் ஏறிப் போச்சா?" நான் படத்தைப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரிதான். சேலையின் நடுவில் வானவில் வளைந்தாற்போல ஆரஞ்சுப் பட்டை, அதை ஒட்டி நீலப் பட்டை, மறுபடி ஆரஞ்சு. மேசையில் கிடந்த சேலையைப் பார்த்தேன். அதில் கறுப்பையும் வெள்ளையையும் தவிர வேறொன்றும் இல்லை.

துணி வியாபாரத்தில் நாற்பது வருஷம் கழித்தவன் நான். சாயம் ஏறிய சேலையையும் ஏறாத சேலையையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடுவேன் என்ற நினைப்பு உண்டு. அன்றைக்குத்தான் ஒரு கேள்வி மனத்தில் விழுந்தது. இல்லாத நிறத்தைக் கேமரா எங்கிருந்து கொண்டுவந்தது? கண்ணாடி பொய் சொல்லாது என்பது போலக் கேமராவும் பொய் சொல்லாது என்று நாமெல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். சாட்சிக்குப் படம், கல்யாணத்துக்குப் படம், ஏட்டுச்சுவடிக்குப் படம். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்று தெரிந்துகொள்ளப் புறப்பட்டதன் விளைவே இக்கட்டுரை. இதில் எனக்கு ஒரு சொந்தத் தவறும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கேமராவைப் பிரித்துப் பார்த்து இதைக் கற்க முடியாது. உள்ளே இருப்பது நகத்தளவு சிலிக்கான் சில்லு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இன்னொரு வழி உண்டு. கேமரா செய்வதை எல்லாம் கணினிக்குள் எண்களைக் கொண்டு படிப்படியாகச் செய்து பார்ப்பது. இதைச் சிமுலேஷன் என்பார்கள். பாவனை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். கேமரா செய்யும் நிறுவனங்கள் ஒரு சில்லை வார்ப்பதற்கு முன்பே, அது எப்படிப் படம் எடுக்கும் என்பதை இவ்வாறு பாவனையில் பார்த்துக்கொள்கின்றன. ஏனெனில் வார்த்த பிறகு தவறு தெரிந்தால் நஷ்டம் பெரிது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிரையன் வாண்டெல், ஜாய்ஸ் ஃபாரெல் ஆகியோரும் அவர்களுடன் சேர்ந்தவர்களும் இதற்கென்றே ஐசெட் என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். அதன் ஐசெட்கேம் என்ற வடிவம் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இலவசமாகக் கிடைக்கிறது.

எனக்கு அந்த அளவுக்குக் கணினி தெரியாது. எக்செல் தெரியும். சரக்கு இருப்பு, கடன் பற்று எல்லாம் அதில்தானே எழுதுகிறோம். அதே எக்செல் தாளில் இருபது வரிசை, இருபது நிரல் போட்டு ஒரு குட்டிக் கேமராவைக் கட்டிப் பார்த்தேன். அன்பர்கள் வீட்டிலும் செய்யலாம். பிள்ளைகளுக்குப் பொழுதும் போகும்.

பாவனையில் என்ன லாபம் என்று கேட்கலாம். உண்மையான படத்தில், எதிரே என்ன இருந்தது என்பதற்கு அந்தப் படமே சாட்சி. வேறு சாட்சி இல்லை. பாவனையிலோ எதிரே இருந்ததை நாமே எழுதிவைக்கிறோம். பெட்டியில் இத்தனை ரூபாய் வைத்தோம் என்று முதலிலேயே குறித்துக்கொண்டு, சாயங்காலம் பையன் என்ன கணக்குக் கொடுக்கிறான் என்று பார்ப்பது போல. எது தொலைந்தது, எது புதிதாகச் சேர்ந்தது என்று இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

முதல் தாளில் எழுத வேண்டியது எதிரே உள்ள காட்சியின் ஒளி. இதை நிறம் என்று எழுதக்கூடாது. ஒளியின் அலைநீளம் 400 நானோமீட்டரிலிருந்து 700 வரை நம் கண்ணுக்குத் தெரிகிறது. பத்துப் பத்தாக அளந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் 31 எண்கள். ஐசெட் போன்ற மென்பொருள்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. கண்ணும் கேமராவும் இந்த 31-ஐ மூன்றாகச் சுருக்கிவிடுகின்றன. இந்தச் சுருக்கத்தில்தான் நம் வியாபாரத்தின் பழைய தலைவலி ஒன்று ஒளிந்திருக்கிறது. சேலைக்கு ரவிக்கைத் துணி டியூப்லைட்டில் பார்க்கும்போது அப்படியே பொருந்தும். வாசலுக்குக் கொண்டுபோனால் இரண்டும் வேறாக நிற்கும். 31 எண்களும் வெவ்வேறாக இருக்கும் இரண்டு சாயங்கள், ஒரு விளக்கில் மட்டும் தற்செயலாக ஒரே மூன்று எண்களைத் தருகின்றன. விளக்கு மாறினால் குட்டு வெளிப்படுகிறது. "வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துடறேன்" என்று வாசலுக்குப் போகும் பெண்மணிகளைக் கண்டு நான் முகம் சுளித்ததுண்டு. இப்போது சுளிப்பதில்லை. கேமராவின் மூன்றும் நம் கண்ணின் மூன்றும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பொருந்திய இரண்டு நிறங்கள் படத்தில் பிரியும். கண்ணுக்குப் பிரிந்தவை படத்தில் ஒன்றாகும்.

அடுத்தது லென்ஸ். எவ்வளவு நல்ல லென்ஸானாலும் ஒரு புள்ளியை ஒரு புள்ளியாகக் கொண்டுசேர்க்காது. ஒளி அலையாக இருப்பதால் சிறு வட்டமாகப் பரப்பும். கைப்பேசியில் வழக்கமான எஃப் 2 திறப்பில் பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 2.7 மைக்ரான். ஆனால் இக்காலக் கைப்பேசிச் சென்சாரின் ஒரு கட்டம் 1 மைக்ரான் அளவு, சிலவற்றில் அதற்கும் குறைவு. ஆகவே கட்டங்களின் எண்ணிக்கையை விளம்பரத்தில் எவ்வளவு கூட்டிச் சொன்னாலும் நுணுக்கம் அதே விகிதத்தில் கூடாது. எக்செலில் இதற்கு ஒவ்வொரு கட்டத்தையும் அதன் அண்டைக் கட்டங்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் போதும்.

ஒளியை எண்ணுவது

லென்ஸ் கொண்டுவந்த ஒளி சிலிக்கானில் விழுகிறது. ஒளி துகள் துகளாக வருகிறது என்று ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்னார். ஒரு ஒளித்துகள் சிலிக்கானில் புகுந்தால் ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கக்கூடும். ஒவ்வொரு கட்டமும் ஒரு சின்ன உண்டியல். ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் எலெக்ட்ரான்கள் விழுந்து சேரும். மூடியதும் உண்டியலை உடைத்து எண்ணவேண்டியதுதான். 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் கண்டுபிடித்த சிசிடி இவ்வாறு சேர்ந்ததைக் கட்டம் கட்டமாக நகர்த்தி எண்ணும் ஏற்பாடு. அதற்காக 2009-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். இன்றைய கைப்பேசிகளில் இருப்பது சீமாஸ் என்ற வேறு வகை. எண்ணும் முறை வேறே தவிர உண்டியல் தத்துவம் ஒன்றுதான். 1975-இல் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் நூறுக்கு நூறு, அதாவது பதினாயிரம் உண்டியல்கள். ஒரு படத்தை ஒலிநாடாவில் எழுத 23 விநாடி ஆயிற்று. நிறம் கிடையாது.

இங்கேதான் எனக்கு முதல் வியப்பு ஏற்பட்டது. ஒளித்துகள்கள் வரிசை பிடித்து வருவதில்லை. கடைக்கு ஆள் வருவது போலத்தான் வருகின்றன. ஒரு மணிக்குச் சராசரியாக 100 பேர் வரும் கடையில் ஒருநாள் 92, ஒருநாள் 108 என்று இருக்கும். கூடவோ குறையவோ ஒரு பத்துப் பேர். சராசரி 4 பேர் வரும் கடையில் ஒரு மணியில் இருவர், அடுத்த மணியில் ஆறு பேர். இதற்கு ஒரு விதி உண்டு. சராசரி எவ்வளவோ அதன் வர்க்கமூலம்தான் ஏற்ற இறக்கத்தின் அளவு. 10,000 எலெக்ட்ரான் சேர்ந்தால் ஏற்ற இறக்கம் 100, நூற்றுக்கு ஒன்று, கண்ணுக்குத் தெரியாது. 100 சேர்ந்தால் 10, பத்து சதவீதம். 4 சேர்ந்தால் 2, சரிபாதி! பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் பெயரால் வழங்கும் கணக்கு இது. மங்கலான அறையில் எடுத்த படம் மணல் தூவியது போலப் பொரிந்து தெரிவது இதனால்தான். கேமராவின் குறை என்று நாம் திட்டுவது உண்மையில் ஒளியின் சுபாவம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதை ஒழிக்க முடியாது. பெரிய உண்டியலில் அதிக ஒளியைச் சேர்க்கலாம், அவ்வளவே.

எக்செலில் ஒவ்வொரு கட்டத்தின் எண்ணுக்கும் அதன் வர்க்கமூல அளவுக்குச் சீட்டுக்குலுக்கல் போட்டு ஏற்றி இறக்கினேன். முதல் தாளில் எல்லாக் கட்டமும் 100 என்று ஒரே சீராக எழுதியிருந்தது, இரண்டாம் தாளில் 87, 113, 96, 104 என்று சிதறியது. அதை ஒரு பழுப்பு நிறத் துணியாக நினைத்துப் பாருங்கள். இல்லாத நெசவு ஒன்று அதில் தெரிய ஆரம்பித்துவிடும்.

உண்டியலில் ஒளி போடாத காசும் விழுவதுண்டு. சிலிக்கான் சூடாக இருந்தால் ஒளி இல்லாமலே எலெக்ட்ரான் விடுபடும். வெப்பம் 6 முதல் 8 டிகிரி ஏறினாலே இது ஏறக்குறைய இரட்டிக்கும். வார்ப்பில் குறையுள்ள ஒரு சில கட்டங்களில் இது மிக அதிகம். நேரம் கூட்டிப் படம் எடுத்தால் அவை மட்டும் பளிச்சென்று நிற்கும். சூடான பிக்செல் என்பார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் இரண்டு பங்கு ஊகம்

சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. விழுந்தது சிவப்பு ஒளியா நீல ஒளியா என்று அந்த உண்டியல் சொல்லாது. எத்தனை விழுந்தது என்றுதான் சொல்லும். இதற்குக் கோடக்கில் பணிபுரிந்த பிரைஸ் பேயர் ஒரு வழி கண்டார். 1976-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு நிறக் கண்ணாடி: முதல் வரிசையில் சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. இரண்டாம் வரிசையில் பச்சை, நீலம், பச்சை, நீலம். பிறகு மறுபடி முதல் வரிசை போல. நான்கு கட்டத்தில் இரண்டு பச்சை, சிவப்பும் நீலமும் ஒவ்வொன்று. வெளிச்ச வேறுபாட்டை நம் கண் பெரிதும் பச்சைப் பகுதியில்தான் உணர்கிறது என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு.

இதன் பொருளை வியாபாரக் கணக்கில் பாருங்கள். 12 மெகாபிக்செல் படம் என்றால் 1.2 கோடி கட்டங்கள். படத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண் வேண்டும், ஆக 3.6 கோடி எண்கள். கேமரா உண்மையில் அளந்தது கட்டத்துக்கு ஒன்றாக 1.2 கோடி மட்டுமே. மீதி 2.4 கோடி? அண்டைக் கட்டத்தைப் பார்த்துக் கேமரா தானே போட்டுக்கொண்ட எண்கள். நம் குழந்தையின் முகப்படத்தில் உள்ள எண்களில் மூன்றில் இரண்டு பங்கு அளந்தது அல்ல, ஊகித்தது. என் கணக்கப்பிள்ளை இப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன். ஆனாலும் கேமராவின் ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. உலகத்தில் அண்டை அயல் பெரும்பாலும் ஒரே நிறமாக இருப்பதுதான் காரணம். சுவர், வானம், கன்னம், இலை எல்லாம் அப்படி. எங்கே அண்டை அயல் ஒத்துப்போகவில்லையோ அங்கே கேமரா இடறும்.

இப்போது என் கட்டம் போட்ட சேலைக்கு வருவோம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எளிமைக்காகக் கட்டத்தை விட்டு நெட்டுவாக்கில் கோடு மட்டும் போடுவோம். ஒற்றைப்படை நிரல்கள் எல்லாம் வெள்ளை, அதாவது 100. இரட்டைப்படை நிரல்கள் கறுப்பு, அதாவது 0. ஒரு நூல் சரியாக ஒரு பிக்செலில் விழுகிறது. இப்போது பேயரின் கண்ணாடியை மேலே வையுங்கள். சிவப்புக் கட்டங்கள் எல்லாம் ஒற்றைப்படை நிரலில் இருக்கின்றன, எல்லாம் 100. நீலக் கட்டங்கள் எல்லாம் இரட்டைப்படை நிரலில், எல்லாம் 0. பச்சைக் கட்டங்கள் ஒரு வரிசையில் 0, அடுத்த வரிசையில் 100, சராசரி 50. சிவப்பு 100, பச்சை 50, நீலம் 0 என்றால் என்ன நிறம்? ஆரஞ்சு! சேலையை ஒரே ஒரு நூல் தள்ளி வையுங்கள். சிவப்பு 0, பச்சை 50, நீலம் 100. நீலம்!

என் மேசையில் உட்கார்ந்து இந்த மூன்று எண்ணையும் எழுதி முடித்தபோது புணே அம்மையாருக்கு அப்போதே போன் போட வேண்டும் போலிருந்தது. நூலும் பிக்செலும் எப்போதும் சரியாகப் பொருந்துமா என்று கேட்பீர்கள். பொருந்தாது, அதனால்தான் பட்டை பட்டையாக வருகிறது. நூல் பிக்செலைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு தடிமன் என்று வைத்துக்கொண்டால், கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போய் ஏறக்குறைய 21 பிக்செலுக்கு ஒரு தரம் ஆரஞ்சு நீலமாகும், இன்னொரு 21-இல் நீலம் ஆரஞ்சாகும். எக்செலில் நிரலை நீட்டிப் போட்டுப் பார்த்தேன், அப்படியே வந்தது. மேசையில் விரித்த சேலை எங்கும் ஒரே தூரத்தில் இருப்பதில்லை, மடிப்பும் உண்டு; ஆகவே பட்டைகள் வளைகின்றன. சில கேமராக்களில் இதைத் தவிர்ப்பதற்கென்றே சென்சாருக்கு முன்னால், படத்தை மிக லேசாக மங்கவைக்கும் படிகத் தகடு ஒன்றை வைப்பார்கள். கூர்மை கெடுகிறதே என்று அதை எடுத்துவிட்ட கேமராக்களும் உண்டு. தொலைக்காட்சியில் பொடிக்கட்டச் சட்டை போட்டுக்கொண்டு வரவேண்டாம் என்று விருந்தினர்களிடம் சொல்வதும் இதன் உறவுக்கார வியாதிதான்.

எங்கள் சமண நூல்கள் புலனறிவை அவக்கிரகம், ஈகை, அவாயம், தாரணை என்று நான்கு படியாகப் பிரிக்கும். ஏதோ தெரிகிறது என்பது முதற்படி. இன்னதாக இருக்குமோ என்று ஆராய்வது அடுத்தது. இன்னதே என்று துணிவது மூன்றாவது. மனத்தில் நிறுத்துவது நான்காவது. உடனே 'கேமராவை அன்றே கண்டார்கள்' என்று மேடையில் முழங்கும் ரகம் அல்ல நான். அப்படிச் சொல்பவர்களோடு சண்டையே போட்டிருக்கிறேன். ஆனால் கண்டதற்கும் துணிந்ததற்கும் நடுவே ஓர் ஆராய்ச்சிப் படி இருக்கிறது, தவறு அங்கேதான் நுழையும் என்பதை அந்தப் பிரிப்பு எனக்கு ஞாபகப்படுத்துகிறது.

இதற்குமேல் நடப்பவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கின் நிறத்தைக் கழிக்கச் சிவப்பையும் நீலத்தையும் ஏற்றி இறக்குவார்கள். வெள்ளைச் சமன் என்று பெயர். தாழம்பூ நிறப் பட்டு படத்தில் எலுமிச்சை நிறமாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிறகு இருட்டுப் பகுதி தெரியும்படி எண்களை வளைத்து, ஓரங்களைக் கூராக்கி, கடைசியில் ஜேபெக் முறையில் சுருக்குவார்கள். அது எட்டுக்கு எட்டுக் கட்டமாகப் படத்தைப் பிரித்து, கண்ணுக்கு எட்டாத நுணுக்கங்களை வெட்டிவிடும். அதற்கு அடிப்படையான கணிதத்தை 1974-இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்ற மூவர். அகமது பெங்களூரில் பிறந்தவர். ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு, தினமும் அனுப்பும் ஒவ்வொரு கல்யாணப் படத்துக்குள்ளும் இப்படிப்பட்டவர்களின் கணக்கு இருக்கிறது என்பது ஒரு சின்னப் பெருமை.

ஒரு புள்ளியின் கதை

இனி என் தவறு. வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உறவினர் வீட்டுப் பரணில் இருந்த ஏட்டுச்சுவடி ஒன்றை 2009-இல் படம் எடுத்துவந்தேன். வெளியே கொண்டுபோக வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர் சொல்லிவிட்டதால் உள்ளறையிலேயே, சித்திரை மாத வெயிற்புழுக்கத்தில், ஒற்றை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, ஷட்டரைப் பல விநாடி திறந்து வைத்து எடுத்தேன். மை தடவாத ஏடு. எழுத்தாணிக் கீறல் வெளிறிய கோடாகத் தெரியும். ஏடுகளில் பொதுவாகப் புள்ளி வைப்பதில்லை என்பது அன்பர்கள் அறிந்ததே. ஆகவே 'அறிவன' என்று எழுதியிருந்தால் அது அருகனைக் குறிக்கும் அறிவன் என்ற சொல்லா, அறிபவை என்ற பொருளில் அறிவன என்பதா என்று இடம் பார்த்துத்தான் துணியவேண்டும். அந்தத் தோத்திரப் பாட்டில் இரண்டுமே பொருந்திற்று. ஆனால் என் படத்தில் கடைசி னகரத்தின் தலையில் ஒரு வெள்ளைப் புள்ளி துல்லியமாக இருந்தது. கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பார்த்தேன், இருந்தது. எழுதியவர் ஐயம் வரக்கூடாதென்று இந்த ஓரிடத்தில் மட்டும் புள்ளி வைத்திருக்கிறார் என்று ஒரு சிறு பத்திரிகையில் கட்டுரையே எழுதிவிட்டேன். இரண்டொருவர் பாராட்டியும் எழுதினார்கள்.

2016-இல் அதே வீட்டுக்கு ஒரு காரியமாகப் போனபோது ஏட்டைக் கேட்டு வாங்கி வாசலில் வைத்துப் பார்த்தேன். புள்ளி இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கீறலும் இல்லை, துளையும் இல்லை.

உதிர்ந்துவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றிற்று. கீறல் எப்படி உதிரும்? பல நாள் அது மனத்தை அரித்தது. சேலை விவகாரத்துக்குப் பிறகுதான் பழைய படங்களை மறுபடி திறந்தேன். அன்று அந்தக் கேமராவில் எடுத்தவை நாற்பதுக்கு மேல். முதற்படத்தில் புள்ளி இருந்த இடத்தை இடமிருந்து எத்தனையாவது பிக்செல், மேலிருந்து எத்தனையாவது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, அடுத்த படத்தில் அதே இடத்தைப் பார்த்தேன். அங்கே ஏட்டின் வெற்று ஓரம். அதிலும் புள்ளி! அதற்கடுத்த படத்தில் அந்த இடத்தில் மேசைத்துணி. அதிலும் புள்ளி. நிறத்தோடு பார்த்தால் லேசான சிவப்பு. ஏடு மாறியது, எழுத்து மாறியது. அது மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. சூடான பிக்செல்.

ஒரே ஒரு கட்டம் கெட்டால் எழுத்தாணிப் புள்ளி போல வட்டமாக எப்படித் தெரியும் என்ற ஐயம் மீதியிருந்தது. அதை என் எக்செல் தீர்த்துவைத்தது. பழுப்பு ஏட்டுக்கு எல்லாக் கட்டமும் 40 என்று போட்டு, ஒரு சிவப்புக் கட்டத்தில் மட்டும் 240 எழுதினேன். நிறம் ஊகிக்கும் படியில் அந்த ஒன்று தன் நான்கு பக்கத்து அண்டைக் கட்டங்களுக்குச் சிவப்பில் பாதியையும், மூலையில் உள்ள நான்குக்குக் கால் பங்கையும் கொடுத்தது. ஒன்று ஒன்பதாயிற்று, நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் தேய்ந்தும் வட்டமாக. ஏட்டின் நீளம் சுமார் 30 சென்டிமீட்டர், படத்தின் அகலம் 3,000 பிக்செல். ஒரு பிக்செலுக்கு 0.1 மில்லிமீட்டர். மூன்று பிக்செல் என்பது 0.3 மில்லிமீட்டர், எழுத்தாணி நுனி அளவு. ஓரங்களைக் கூராக்கும் படி அதை இன்னும் எடுப்பாக்கியது. எழுத்தாளர் வைக்காத புள்ளியைக் கேமரா வைத்து, நான் அதற்குப் பொருளும் எழுதிவிட்டேன்.

சுவடி, கல்வெட்டு, பத்திரம் என்று படம் எடுக்கிற அன்பர்களுக்கு நான் இப்போது சொல்வது இரண்டுதான். லென்ஸை மூடிவைத்து அதே நேர அளவில் ஒரு படம் எடுத்து வையுங்கள். உண்டியலில் ஒளி போடாத காசெல்லாம் அதில் தெரிந்துவிடும். ஒரே ஏட்டைக் கொஞ்சம் நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுங்கள். ஏட்டில் உள்ளது ஏட்டோடு நகரும், கேமராவில் உள்ளது நகராது. அப்படி எடுத்த 16 படங்களைப் பொருத்திச் சராசரி எடுத்தால் அந்த மணற்பொரி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதும் அதே வர்க்கமூலக் கணக்கின் பலன். கேமராவில் ரா என்ற கச்சாக் கோப்பு வசதி இருந்தால் அதையும் சேமித்துக்கொள்ளுங்கள். ஊகம் சேர்வதற்கு முந்தைய எண்கள் அதில் இருக்கும்.

இன்றைய கைப்பேசிகள் இதையெல்லாம் தாமே செய்கின்றன. விரலை அழுத்தும் கணத்தில் பல படங்களை எடுத்துச் சேர்க்கின்றன. கெட்ட பிக்செலைத் தேடி மறைக்கின்றன. அது நல்லதுதான். ஆனால் பல்லாயிரம் படங்களைப் பார்த்துப் பழகிய நிரல்கள், தெளிவில்லாத இடத்தில் வழக்கமாக என்ன இருக்குமோ அதை நிரப்பவும் தொடங்கிவிட்டன. அவற்றைப் பழக்குவதற்கும் நான் சொன்ன பாவனைக் கேமராவே பயன்படுகிறது: நல்ல படத்தை எடுத்துப் பாவனையில் கெடுத்து, கெட்டதிலிருந்து நல்லதைக் கண்டுபிடி என்று கற்றுக்கொடுக்கிறார்கள். முகத்துக்கும் வானத்துக்கும் இது பாதகமில்லை. எழுத்துக்கும் எண்ணுக்கும் என்ன ஆகும்? 2013-இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில வருடிகள் சுருக்கும்போது 6 என்ற எண்ணை 8 என்று மாற்றிவைப்பதை எடுத்துக்காட்டினார். அது கேமரா அல்ல, கற்றுக்கொண்ட நிரலும் அல்ல. பார்வைக்கு ஒத்த துண்டுகளை ஒன்றாகக் கருதும் சுருக்கமுறைதான். மங்கலாகத் தெரிந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். மிகத் தெளிவாக, அழகாக, தவறான எண் நின்றது. என் புள்ளியும் துல்லியமாகத்தானே இருந்தது!

புணே அம்மையாருக்குச் சேலையை நேரிலேயே அனுப்பிவிட்டேன், வைத்துக்கொண்டார்கள். பொடிக்கட்டச் சேலை என்றால் இப்போது ஒரு முழ தூரத்திலிருந்து ஒன்று, நான்கு முழ தூரத்திலிருந்து ஒன்று என்று இரண்டு படம் அனுப்புகிறேன். இரண்டிலும் இருக்கும் நிறம் சேலையுடையது, இடம் மாறும் பட்டை கைப்பேசியுடையது என்று கூடவே ஒரு வரியும் எழுதிவிடுகிறேன். என் பழைய கட்டுரையை வெளியிட்ட சிறு பத்திரிகை இடையில் நின்றுபோயிற்று. திருத்தம் எழுத இடமில்லை. அதைப் படித்தவர்கள் யாரேனும் இம்மலரைப் படிக்க நேர்ந்தால், அந்த னகரத்தின் தலையில் புள்ளி இல்லை என்று திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.